எரர் கோடு மட்டும் போதாது

ஐரோப்பியக் குளிரில் கேம்பர் வேனையே வீடாக்கி ஊர் சுத்துறவங்களுக்கு டீசல் ஹீட்டர் அவசியம். அது பத்திக்கலைன்னா, எரர் கோடைப் பார்த்ததும் பலர் க்ளோ பிளக்கை மாத்திடுறாங்க. இது ரிப்பேர் இல்ல, யூகம்.

முதல்ல மல்டிமீட்டரை எடுக்கணும். ஸ்டார்ட் ஆகும்போது க்ளோ பிளக் சுமார் 10 ஆம்பியர் இழுக்கும். ஒயரிலும் கனெக்டரிலும் சேர்த்து 0.2 ஓம் தடை இருந்தாலே 2 வோல்ட் காலி. பேட்டரியில் 12 காட்டும். ஹீட்டருக்கு 10தான் போகும். அதனால லோடு இருக்கும்போதே, ஹீட்டர் முனையில் அளக்கணும். அங்க சரின்னா பம்ப், ஃபில்டர், உள்ளே படிந்த கரின்னு வரிசையா பார்க்கலாம்.

புகைக்குழாய்க் கசிவை மட்டும் தள்ளிப்போடக் கூடாது. கார்பன் மோனாக்சைடுக்கு வாசனையே கிடையாது; தூக்கத்திலேயே உயிர் போயிடும். வேனுக்குள்ள அதுக்கான அலாரம் கட்டாயம் வேணும்.