மழைக்கும் எண்ணெய்க்கும் நம் பேரை வெட்டலாமா?

தை பிறந்தால் பங்குனி வரை வெயில் காய்கிறது. மலையில் கொழுந்து துளிர்ப்பதில்லை. காலை முதல் மாலை வரை நிரை பிடித்து நின்றாலும் தோட்டம் கேட்கும் கிலோ தராசில் வருவதில்லை. செக்ரோலில் அரைப் பேர் விழுகிறது. ஆனி, ஆடியில் கொழுந்து இருக்கிறது, ஆனால் காற்றும் மழையும் மலையில் நிற்க விடுவதில்லை. நனைந்துபோய்ப் பத்து மணிக்கு லயத்துக்குத் திரும்பினால் அன்றைய பேரும் கூடவே போய்விடுகிறது. ஐப்பசி, கார்த்திகையில் மண் சரிகிறது. அப்போது பேரைப் பற்றி நினைக்க யாருக்கும் நேரமில்லை. பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு பாடசாலைக்கோ கோயிலுக்கோ ஓடுகிறோம்.

கொழும்பில் கூட்டம் போட்டுப் பேசும்போது இதற்குக் காலநிலை மாற்றம் என்று பெயர். நமக்கு இது மாதக் கடைசியில் கையில் வரும் சம்பளத் துண்டு.

மழையும் வெயிலும் எப்போதும் இருந்தவைதானே என்று சிலர் கேட்கலாம். இருந்தன, ஆனால் ஒரு முறையோடு இருந்தன. எந்த மாதத்தில் கவ்வாத்து வெட்டுவது, எப்போது உரம் போடுவது, எப்போது கான் வெட்டுவது என்பதெல்லாம் நம் பாட்டன்மாருக்குக் கணக்காகத் தெரியும். அந்தக் கணக்கு இப்போது பிசகுகிறது. தேயிலை இதமாக வளர்வது ஏறக்குறைய 18 முதல் 25 பாகை செல்சியஸ் வெப்பத்தில். அதைத் தாண்டிப் போகப் போகத் துளிர் சுணங்குகிறது. மாதக்கணக்கில் பெய்ய வேண்டிய மழை சில நாட்களில் கொட்டினால் மேல்மண் ஆற்றோடு போகிறது, செடியின் வேர் வெளியே தெரிகிறது.

இந்தச் சங்கதி எண்ணெயோடு எங்கே முடிச்சுப் போடுகிறது என்பதை மஸ்கெலியாப் பக்கத்து ஆட்களுக்குச் சொல்லித் தர வேண்டியதில்லை. வரட்சி கடுமையானால் மவுசாகலை நீர்த்தேக்கம் வற்றி, மூழ்கிப்போன பழைய நகரத்தின் கோயில் வெளியே தெரிகிறது. சனம் போய்ப் படம் எடுத்து வருகிறது. ஆனால் நீர் இறங்கினால் மின்சாரமும் இறங்கும். காசல்ரீ, மவுசாகலை, லக்சபான, மேல் கொத்மலை என்று நாட்டுக்கு வெளிச்சம் கொடுக்கும் தண்ணீர் நம் மலைகளுக்கு நடுவே தேங்குகிறது. அது குறையும்போது டீசலையும் உலை எண்ணெயையும் நிலக்கரியையும் எரித்துத்தான் மின்சாரம் எடுக்க வேண்டும். இவை எல்லாம் டொலர் கொடுத்துக் கப்பலில் வருபவை. ஆக, இங்கே வெயில் காய்ந்தால் அங்கே எண்ணெய்ச் செலவு கூடுகிறது. எண்ணெய் கிடைக்காவிட்டால் திரும்பவும் நம் லயத்தில் விளக்கு அணைகிறது.

எண்ணெய் இல்லாத நாடு எப்படி இருக்கும் என்பதை நாம் இரண்டு தடவை பார்த்திருக்கிறோம். 1973 கடைசியில் உலகச் சந்தையில் எண்ணெய் விலை சில மாதங்களுக்குள் நான்கு மடங்கானது. அந்தக் காலத்திலேயே அரிசியும் மாவும் உலகெங்கும் விலை ஏறின. இங்கே பங்கீடு வெட்டப்பட்டது. கிராமத்தில் இருந்தவனுக்கு ஒரு துண்டு நிலமாவது இருந்தது, மரவள்ளி நட்டுக்கொண்டான். லயத்தில் இருந்தவனுக்கு நடுவதற்கு இடமில்லை. 1974இல் தோட்டங்களில் நம் சனம் பட்டினியால் செத்தது. மூத்தவர்கள் இன்றும் அதைப் பஞ்ச காலம் என்று குரலைத் தாழ்த்தித்தான் சொல்கிறார்கள்.

இரண்டாவது தடவை 2022. அந்த வருடம் ஜூன் கடைசியில் அத்தியாவசிய சேவைகளுக்கு மட்டுமே எரிபொருள் என்று அரசு அறிவித்தது. பஸ் ஓடவில்லை, பாடசாலை நடக்கவில்லை. ஓகஸ்ட் மாதம் மண்ணெண்ணெய் லீற்றர் 87 ரூபாவிலிருந்து ஒரே இரவில் 340 ரூபா ஆனது. அப்போது நம் நாட்சம்பளம் 1,000 ரூபா. ஒரு போத்தல் எண்ணெய்க்குப் போகும் வீட்டுக்காரி எத்தனை கிலோ கொழுந்து பறித்திருக்க வேண்டும் என்று கணக்குப் பார்த்துக்கொள்ளுங்கள். அதற்கு முந்திய வருடம் இரசாயன உரத்துக்கு விதித்த தடையையும் மறக்க வேண்டாம். யூரியா இயற்கை வாயுவிலிருந்து செய்யப்படுவது, ஆகவே உரமும் ஒருவகையில் எண்ணெய்க் கணக்கில்தான் சேரும். 2021இல் ஏறக்குறைய 29.9 கோடி கிலோவாக இருந்த நாட்டின் தேயிலை உற்பத்தி 2022இல் சுமார் 25.1 கோடி கிலோவாக விழுந்தது. உரமில்லாத செடியில் கொழுந்து ஏது? அந்த இழப்பில் நம் பங்கும் அரைப் பேராகத்தான் பதிவானது.

சம்பளப் பேச்சு வரும்போதெல்லாம் கம்பனிகள் எரிபொருள், உரம், காலநிலை என்று மூன்றையும் மேசையில் வைக்கின்றன. இவை பொய் என்று நாம் சொல்லவில்லை. செலவு கூடியது உண்மை. கொழுந்து லொறிக்கு டீசல் வேண்டும், ஸ்டோரில் வாட்டுவதற்கு மின்சாரம் வேண்டும், உலர்த்துவதற்கு விறகு வேண்டும். ஆனால் உண்மையின் மற்றப் பாதியையும் மேசையில் வைக்க வேண்டும். ரூபா சரிந்த 2022இல் கொழும்பு ஏலத்தில் தேயிலையின் ரூபா விலை ஏறக்குறைய இரண்டு மடங்கானது. நம் சம்பளமோ 2021 மார்ச்சில் நிர்ணயித்த 1,000 ரூபாவிலேயே நின்றது. அது 1,350 ஆனது 2024 செப்டெம்பரில். நட்டம் வந்தால் அடுத்த நாளே மலையில் தெரிகிறது. இலாபம் இறங்கி வர மூன்றரை வருடம் போதவில்லை.

காற்றைக் கெடுத்ததிலும் நமக்குப் பங்கு மிகக் குறைவு. லயத்தில் கார் இல்லை, குளிரூட்டி இல்லை. நாம் எரிப்பது பெரும்பாலும் தேயிலைச் சுள்ளியும் மரக்கொம்பும். அதிலும் நாம் திருந்த வேண்டியது உண்டு. ஊற்றுக் கண்ணுக்கு மேலே நிற்கும் மரத்தை விறகுக்கு வெட்டிவிட்டு, கோடையில் பீலித் தண்ணீர் வற்றிவிட்டது என்று நாமே புலம்புகிறோம். கானில் குப்பையைக் கொட்டி அடைத்துவிட்டு, மழைத் தண்ணீர் லயத்துக்குள் வருகிறது என்கிறோம். இதற்குக் கம்பனி வர வேண்டியதில்லை. தோட்டக் கமிட்டியே தலையிட்டு நிறுத்தலாம்.

ஆனால் கானைத் துப்புரவாக வைத்தால் மட்டும் மலை நிற்காது. 2014 ஒக்டோபர் 29 காலையில் கொஸ்லந்தை மீரியபெத்தையில் லயங்கள் மண்ணுக்குள் போயின. அந்த இடம் ஆபத்தானது என்று வருடங்களுக்கு முன்பே எச்சரிக்கை கொடுக்கப்பட்டிருந்தது. எச்சரிக்கை வந்தது, போவதற்குக் காணி வரவில்லை. 2025 நவம்பர் கடைசியில் டித்வா புயல் நாடு முழுவதும் அறுநூறுக்கும் மேற்பட்ட உயிர்களைக் கொண்டுபோனது. பதுளை, நுவரெலியா, கண்டி மாவட்டங்களில் மண்சரிவு எத்தனையோ குடும்பங்களை மூடியது. பதினொரு வருட இடைவெளியில் நாம் இழவுக்குப் போய்வந்ததைத் தவிர என்ன செய்தோம்? இந்தக் கேள்வி அரசுக்கும் கம்பனிக்கும் மட்டுமல்ல, தொழிற்சங்கங்களுக்கும் உரியது. நம் சங்கத்தையும் சேர்த்தே சொல்கிறோம். சம்பள ரூபாவுக்காகப் போராடிய அளவுக்கு, லயம் நிற்கும் சரிவைப் பற்றி நாம் போராடவில்லை.

எண்ணெயும் மழையும் நம் கையில் இல்லை. காணி என்பது ஒரு கையெழுத்தில் வரக்கூடியது. பாதுகாப்பான இடத்தில் சொந்த உறுதியோடு ஒரு வீடும், பக்கத்தில் கொஞ்சம் நிலமும் இருந்தால் 1974 போல இன்னொரு காலம் வந்தாலும் மரவள்ளியும் போஞ்சியும் கீரையும் நட்டுக்கொள்வோம், ஒரு மாட்டைக் கட்டிக்கொள்வோம், சாணத்தில் வாயு அடுப்பு எரிப்போம். கூரையில் சூரிய மின்தகடு போடச் சொல்கிறார்கள். உறுதி இல்லாத லயத்துக் கூரையை நம்பி எந்த வங்கி கடன் தரும்? இதற்கிடையில் தேயிலை மூடி, காடேறி, குளவி கூடு கட்டிக் கிடக்கும் மலைகள் எத்தனை டிவிசனில் இருக்கின்றன என்பதையும் நாம் அறிவோம்.

ஆகவே அடுத்த சம்பளப் பேச்சில் நாட்சம்பளத்தோடு மூன்று விடயங்களை நம் சங்கம் கேட்கும். வரட்சியாலோ கடும் மழையாலோ கிலோ குறைந்த நாளுக்கு அரைப் பேர் போடக்கூடாது. மண்சரிவு அபாயம் என்று குறிக்கப்பட்ட லயங்களுக்கு, அடுத்த மழைக்காலத்துக்கு முன் மாற்றுக் காணி காட்ட வேண்டும். தரிசாகக் கிடக்கும் மலைகளில் பயிர் செய்யக் குடும்பங்களுக்கு நிலம் பிரித்துத் தர வேண்டும்.

வாயால் கேட்டால் எடுபடாது. இம்மாதச் சந்தாக் கூட்டத்தில் ஒவ்வொரு தோட்டத் தலைவரும் மாதர் தலைவியும் உட்கார்ந்து, கடந்த தை முதல் பங்குனி வரை உங்கள் டிவிசனில் எத்தனை அரைப் பேர் விழுந்தது என்று சம்பளத் துண்டுகளைப் பார்த்து எழுதுங்கள். லயத்துச் சுவரிலோ மேட்டிலோ வெடிப்பு இருந்தால் அதன் நீளத்தை அளந்து, திகதியோடு குறித்துக்கொள்ளுங்கள். புதிதாக ஊற்று கிளம்பியிருந்தாலோ மரம் சரிந்து நின்றாலோ அதையும் விடவேண்டாம். எழுதத் தயங்குகிறவர்கள் வீட்டில் படிக்கும் பிள்ளையிடம் சொல்லி எழுதுவிக்கலாம். அந்தக் கொப்பித் தாள்களை மாவட்டக் காரியாலயத்தில் சேர்த்துவிடுங்கள். பேச்சுக்குப் போகும்போது அவற்றை அப்படியே கட்டி எடுத்துப்போவோம்.