ஆழமற்ற கடலில் போலி இரை: நிறமா, நீரா?

தூண்டிலில் கட்டும் போலி இரைகள் இந்நாளில் எண்ணற்ற வடிவங்களிலும் நிறங்களிலும் கடைகளில் விற்கப்படுகின்றன. அவற்றின் பளபளப்பு முதலில் கவர்வது வாங்குவோரின் கண்ணையே. மீனின் கண்ணும் அவ்வாறே மயங்கும் என்று கொள்வது பொருந்தாது. எனவே, கரையோர மக்களுக்கு அறிவுரை கூறும் களப்பணியாளர், நீரின் ஆழத்தையும் தெளிவையும் முதலிலும், இரையின் அசைவை அடுத்தும், நிறத்தை இறுதியிலும் வைத்துக் கற்பித்தலே முறையாகும்.

முதலாவது, ஆழம். காயல், கழிமுகம், பவளத்தீவுகளின் உட்கடல் ஆகிய இடங்களில் நீர் பெரும்பாலும் சில மீட்டர் ஆழமே உடையது. கனமான இரையை அங்கு வீசினால், அது மீனை அடையுமுன் கடற்புல்லிலோ பவளத்திலோ சிக்கி அறுந்துபோகும். இழப்பு மீனவருக்கு, எஞ்சிய நைலான் நரம்பும் ஈயமும் கடலுக்கு. மிதக்கும் இரையோ, மெல்ல அமிழும் இரையோ இவ்விடங்களுக்கு ஏற்றது. இரையின் முகத்தில் பொருத்திய தகட்டைக் கண்டே அதன் போக்கை ஒருவாறு கணிக்கலாம். தகடு நீண்டு முன்னோக்கிச் சாய்ந்திருப்பின் இழுக்கும்போது இரை ஆழச் செல்லும். குறுகிச் செங்குத்தாக இருப்பின் மேல்மட்டத்திலேயே ஓடும். புல் அடர்ந்த இடத்தில், முள்ளின் கூர் இரையின் உடலுக்குள் மறைந்திருக்கும் மென்மையான இரை நன்று.

இரண்டாவது, தெளிவு. தெளிந்த நீரில் பாரை, சீலா போன்ற மீன்கள் கண்ணால் கண்டே பாய்கின்றன. நெத்திலி, சாளை ஆகியவற்றை ஒத்த வெள்ளி நிற ஒல்லி இரை அங்குப் போதுமானது. ஆற்றுநீர் கலந்து கலங்கிய கழிமுகத்திலோ ஒளி சிறிது தூரமே செல்லும். அங்கு வாழும் கொடுவா, பார்வையுடன் தன் பக்கக்கோட்டு உறுப்பினால் நீரதிர்வையும் உணர்ந்து இரை தேடுகிறது. ஆதலின், அங்கு நிறத்தினும் நீரை நன்கு அதிரச் செய்யும் அகன்ற இரையே பயன் தரும்.

நிறத்தைப் பற்றிய மயக்கத்தைத் தெளிவாக்குவது கணவாயின் கண்ணாகும். கணவாய், ஊசிக்கணவாய் இனங்களில் பெரும்பாலானவற்றின் கண்ணில் ஒரே வகைப் பார்வை நிறமியே உண்டு. நாம் காணுமாறு அவை நிறங்களை வேறுபடுத்திக் காண்பதாகத் தெரியவில்லை. ஆயினும், வெளிச்சத்துக்கும் இருளுக்கும் உள்ள வேற்றுமையை அவை நன்கு உணரும். எனவே, பத்து நிறங்களில் இரை வாங்குவதினும், வெளிர் நிறத்தில் ஒன்றும் கருநிறத்தில் ஒன்றும் வைத்திருத்தல் சிக்கனமாகும். கணவாய் பிடிக்கும் இரையின் ஊசி வளையத்தில் எதிர்முள் இல்லை என்பதையும் மறத்தல் ஆகாது. நரம்பு தளர்ந்தால் பிடிபட்ட கணவாய் நழுவிவிடும்.

பயன்படுத்தும் முறையிலும் கருத்து வேண்டும். வற்றம் தொடங்கும்போது ஓடைகளிலிருந்து இறாலும் சிறு மீனும் வெளியேறுகின்றன. பெரிய மீன்கள் அவ்வோடை வாயில்களில் காத்திருக்கின்றன. அந்நேரத்தில், நீரோட்டத்துடன் இரையைச் செலுத்தி, இடையிடையே நிறுத்தி இழுத்தல் வேண்டும். ஓயாது விரைந்து இழுப்பது காயமுற்ற மீனின் அசைவைப் போன்றதன்று.

மூன்று கூர் கொண்ட முள்ளே மீனை விடாது பற்றும் என்பது சிலர் கூற்று. இது ஓரளவு மெய்யே. ஆனால், அம்முள் குஞ்சு மீனையும் குலைத்துவிடுகிறது. அடியிலுள்ள பவளத்திலும் எளிதில் மாட்டுகிறது. பவளமோ 1972-ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் 2001 முதல் காக்கப்பட்டு வருவது. எதிர்முள் இல்லாத ஒற்றை முள் நம் நாட்டிற்குப் புதியதுமன்று. மினிக்காய்த் தீவினர் உட்கடலில் பிடித்த சிறு மீன்களை வெளிக்கடலில் உயிருடன் தூவி, எதிர்முள் இல்லாத பளபளப்பான முள்ளினால் சூரை மீனைப் பிடிப்பது மரபு. படகில் விழுந்த மீன் தானே முள்ளினின்று கழன்றுவிடும். கையும் முள்ளும் அடுத்த மீனுக்குத் தயாராகும். தளராத நரம்பும் தேர்ந்த கையும் எதிர்முள்ளின் வேலையைச் செய்யும் என்பதற்கு இதனினும் நல்ல சான்று வேண்டுவதில்லை. குஞ்சு மீனை உயிருடன் கடலில் விட விரும்புவோருக்கு இம்முள்ளே தக்கது.

ஆசிரியர்கள் இதனை வகுப்பிலேயே காட்டலாம். ஒரே வடிவும் வெவ்வேறு நிறமும் கொண்ட அட்டைத் துண்டுகளைக் கண்ணாடித் தொட்டியின் ஒருபுறம் வைத்து, நீரில் களிமண்ணைச் சிறிது சிறிதாகக் கரைத்து, மறுபுறமிருந்து நோக்கினால், எது முதலில் மறைகிறது, எதன் விளிம்பு இறுதிவரை தெரிகிறது என்பதை மாணவர் தாமே காண்பர். களப்பணியாளரும் புதிய இரை எதனையும் பரிந்துரைக்குமுன் அவ்வூர் நீரின் ஆழத்தையும் கலங்கலையும் அளந்தறிதல் கடமை. பயன்பட்ட இரையை நன்னீரில் கழுவி உலர்த்தச் சொல்வதும் அதனுடன் சேரும். உப்பில் துருவேறிய முள் எவ்வளவு விலையுயர்ந்ததாயினும் மீனைத் தாங்காது.