சக்கரத்தைப் படித்த பொறியாளர்

ஜோப்ஸ்ட் பிராண்ட் (1935–2015) கலிபோர்னியாவின் பாலோ ஆல்டோவில் வாழ்ந்த இயந்திரவியல் பொறியாளர். தந்தை கார்ல் பிராண்ட், 1933-இல் ஹிட்லரின் ஜெர்மனியை விட்டு வெளியேறி, பின்னர் ஸ்டான்ஃபோர்டில் பேராசிரியரான பொருளாதார அறிஞர். மகன் அதே பல்கலைக்கழகத்தில் படித்து, போர்ஷே, ஹியூலெட்-பேக்கார்டு நிறுவனங்களில் வேலை பார்த்தார். ஆனால் அவர் பெயர் நிலைப்பது 1981-இல் வெளிவந்த 'தி பைசைக்கிள் வீல்' நூலால்தான். சைக்கிள் சக்கரத்தின் நடுவிலுள்ள ஹப், மேல் ஸ்போக் கம்பிகளில் தொங்குவதாகவே பலரும் நினைத்திருந்தனர். பிராண்ட் கணக்குப் போட்டுக் காட்டினார்: பாரம் ஏறும்போது, தரையைத் தொடும் இடத்துக்கு நேர் மேலே உள்ள சில கம்பிகளில்தான் இழுவிசை கணிசமாகக் குறைகிறது; மற்றவற்றில் மாற்றம் மிகச் சிறிது. இறுக்கிக் கட்டிய கம்பியில் இழுவிசை குறைவது, அது பாரத்தைத் தாங்குவதற்குச் சமம்; ஆக, ஹப் அடிக்கம்பிகள் மேல் நிற்கிறது. சக்கரம் கட்டி முடித்ததும் கம்பிகளை இணை இணையாகக் கையால் அழுத்தி நெருக்கினால் அவை எளிதில் முறியா என்றும் விளக்கினார். பட்டறைக்காரருக்கும் புரியும்படி இதை எழுதியதே அவருடைய பெரிய சாதனை. வெட்டுகளற்ற வழவழப்பான டயர் ஈரச் சாலையிலும் நன்றாகப் பிடிக்கும் என்று விடாமல் வாதாடினார். மெல்லிய டயர் பூட்டிய சாலை சைக்கிளிலேயே சாண்டா குரூஸ் மலைகளின் மண்பாதைகளில் ஏறி இறங்கினார். கோடைகளில் ஆல்ப்ஸ் கணவாய்களைக் கடந்தார்.