சுருதி சேர்த்த வண்டி

பழைய மாணவர்கள் என்னைத் தேடி வருவது பெரும்பாலும் இரண்டு காரியங்களுக்காகத்தான். ஒன்று, பிள்ளைக்கு வைக்க நல்ல தமிழ்ப்பெயர். மற்றொன்று, கல்யாணப் பத்திரிகையில் ஒற்றுப்பிழை பார்த்துத் தருவது. சென்ற ஆடியில் தம்மம்பட்டி வீட்டுக்கு வந்தவன் கேட்டது இரண்டிலும் சேராத ஒன்று.

“ஐயா, வண்டிக்கு டியூனிங் பண்ணினா மைலேஜ் ஏறுமுங்களா?”

அவனுடையது ஒரு டீசல் பிக்கப். தவணையில் எடுத்தது, தவணை இன்னும் முடியவில்லை. எங்களூர் மரச்சிற்பங்களை வைக்கோலும் பழந்துணியும் சுற்றிச் சேலத்துக்கும் அதற்கப்பாலும் கொண்டுபோவான். திரும்பும்போது கிடைத்தால் மரம் ஏற்றி வருவான். சிற்பச் சுமை இல்லாத நாளில் சின்ன வெங்காயம், மரவள்ளிக் கிழங்கு. கொல்லிமலைக்கு ஏறினால் வாழை, அன்னாசி. மேற்கே இருந்து வந்த ஒரு டியூனிங்காரர், மடிக்கணினியை வண்டியில் செருகி ஒரு மணி நேரத்தில் ‘ரீமேப்’ செய்து தருவதாகவும், மைலேஜ் நூற்றுக்கு இருபது கூடும் என்றும், கட்டணம் 18,000 ரூபாய் என்றும் சொல்லியிருக்கிறார். பாதி இவன் கையில் இருந்தது. மீதி 9,000 ரூபாயை நான் எடுத்த சீட்டுப் பணத்திலிருந்து கைமாற்றாகக் கேட்க வந்திருந்தான். ஆகவே இது எனக்கு வெறும் அறிவுத்தேட்டமாக நின்றுவிடவில்லை.

இலக்கியம் பேசும் இடத்தில் டீசல் புகை எதற்கு என்று முகஞ்சுளிக்கும் நண்பர்கள் பொறுத்தருள வேண்டும். நான் சொல்லிலிருந்துதான் தொடங்குகிறேன். டியூனிங் என்றால் சுருதி சேர்த்தல். தம்புராவின் தந்தி தளர்ந்து போனால் முறுக்காணியைத் திருகி உரிய சுரத்துக்குக் கொண்டுவருகிறோம், தம்புராவை வீணையாக்குவதில்லை. நம் பக்கத்துப் பட்டறைகளில் பல காலமாக ‘டியூனிங்’ என்று வழங்கியதும் இதுவே. பம்ப் கடையில் டீசல் பம்பைக் கழற்றி மேடையில் ஓட்டி, ஒவ்வொரு சிலிண்டருக்கும் சமமாக எண்ணெய் போகிறதா என்று பார்ப்பார்கள். நாசில் சொட்டுகிறதா, தூவுகிறதா என்று சோதிப்பார்கள். டைமிங் விலகியிருந்தால் குறிக்குக் கொண்டுவருவார்கள். தேய்ந்த நாசிலோடு கரும்புகை கக்கிய வண்டி இதன்பிறகு மைலேஜ் கூடுதலாகத் தந்தால் அதில் வியப்பில்லை. இழந்தது திரும்பியது, அவ்வளவே.

இப்போது மடிக்கணினியோடு வருபவர் விற்பதற்கும் அதே பெயர். ஆனால் தொழில் வேறு. இன்றைய பிக்கப்புகளில் இருப்பது காமன் ரயில் இன்ஜின். ஆயிரம் பாருக்கு மேற்பட்ட அழுத்தத்தில் டீசல் ஒரு பொதுக்குழாயில் காத்திருக்கும். எப்போது, எவ்வளவு நேரம் இன்ஜெக்டர் திறக்க வேண்டும் என்பதை ஈசியூ என்னும் கணிப்பெட்டி தீர்மானிக்கும். அந்தப் பெட்டிக்குள் இருக்கும் அட்டவணைகளை மாற்றி எழுதுவதுதான் ரீமேப். தளர்ந்த தந்தியை முறுக்குவதன்று இது, சுரத்தையே மாற்றுவது. ஒரு சொல்லுக்கு இரு பொருள் இருந்தால் வகுப்பில் அதைச் சிலேடை என்று சொல்லி ரசிக்கலாம். வியாபாரத்தில் அப்படி ரசித்துவிட்டுப் போக முடியாது. முதல் பொருளின் நற்பெயரைக் கொண்டுதான் இரண்டாம் பொருள் விலைபோகிறது.

“எரியாம வீணாப் போற டீசலை எரிய வைக்கறாங்களாமுங்க” என்றான். கேட்பதற்கு அழகாகத்தான் இருக்கிறது. ஆனால் நல்ல நிலையில் இருக்கும் டீசல் இன்ஜினில் உள்ளே போகும் எண்ணெயில் நூற்றுக்குத் தொண்ணூற்றெட்டுக்கு மேல் எரிந்தே விடுகிறது. இழப்பு அங்கே இல்லை. எரிந்து பிறந்த வெப்பத்தில் பெரும்பகுதி புகைக்குழாய் வழியாகவும் ரேடியேட்டர் வழியாகவும் வெளியேறுகிறது. ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கோ சற்று அதிகமோதான் சக்கரத்தைச் சுழற்ற மிஞ்சும். அட்டவணையைத் திருத்தி ரேடியேட்டரை இல்லாமல் ஆக்கிவிட முடியாது. மீட்பதற்கு இருபது விழுக்காடு அங்கே கிடக்கவே இல்லை என்கிறபோது எதை மீட்பது?

ஆனால் ஒன்றுமே கிடைக்காது என்று சொல்வதும் நேர்மையாகாது. டீசலைச் சற்று முன்னதாகப் பீய்ச்சினால் எரிப்பின் திறன் கொஞ்சம் கூடும். தயாரிப்பாளர்களுக்கு இது தெரியாததல்ல, தெரிந்தேதான் தாமதப்படுத்துகிறார்கள். முன்னதாக எரித்தால் உள்வெப்பம் மிகுந்து நைட்ரஜன் ஆக்சைடுகள் பெருகும். மூச்சுக்குழாயைப் பதம் பார்க்கும் நச்சு அது. 2020 ஏப்ரல் முதல் நாடு முழுவதும் நடைமுறைக்கு வந்த பிஎஸ்-6 விதிகள் அதற்கு இறுக்கமான வரம்பு வைத்திருக்கின்றன. டியூனிங்காரர் அந்த வரம்பைக் கைவிட்டு நூற்றுக்குச் சில புள்ளிகள் எடுத்துத் தரலாம். அவர் தருவது அவருடைய கண்டுபிடிப்பு அன்று. நம் தெருவின் காற்றிலிருந்து எடுத்துக் கொடுப்பது. வோக்ஸ்வாகன் 2015 செப்டம்பரில் மாட்டிக்கொண்டது இதே இடத்தில்தான். சோதனைச் சாலையில் ஒரு நடத்தை, வீதியில் வேறொரு நடத்தை என்று மென்பொருளை எழுதி, உலகெங்கும் சுமார் 1 கோடியே 10 லட்சம் வண்டிகளில் பொருத்தியிருந்தார்கள். வீதியில் அவற்றின் நைட்ரஜன் ஆக்சைடு அமெரிக்க வரம்பைப்போல் நாற்பது மடங்கு வரை போனதாக அந்நாட்டுச் சுற்றுச்சூழல் முகமை அறிவித்தது. அத்தனை பெரிய நிறுவனத்தின் பொறியாளர்களாலேயே நச்சையும் செலவையும் ஒருசேரக் குறைக்க முடியாமல் பொய் எழுத நேர்ந்தது. ஒரு மணி நேரத்தில் அதை முடித்துத் தருகிறேன் என்பவரை நான் எப்படி நம்புவது?

இன்னொரு சூட்சுமமும் உண்டு. சில ‘டியூனிங் பெட்டிகள்’ ஈசியூவைத் தொடுவதே இல்லை. பொதுக்குழாயின் அழுத்தத்தைச் சொல்லும் சென்சாருக்கு நடுவே அமர்ந்துகொண்டு, உள்ளதைவிடக் குறைவாக அழுத்தம் இருப்பதாகப் பொய்யுரைக்கும். ஈசியூ அதை நம்பி அழுத்தத்தைக் கூட்டும், டீசல் கூடுதலாகப் பாயும், வண்டி துள்ளும். ஆனால் தான் வழக்கமான அளவே கொடுத்ததாக ஈசியூ கணக்கெழுதும். டாஷ்போர்டில் மைலேஜ் காட்டும் வண்டியானால் அந்த எண் உயர்ந்து நிற்கும். டேங்க்கோ வேகமாகக் காலியாகும். கோள் சொல்லும் தூதனை நம்பி முடிவெடுத்த அரசர்களின் கதை நமக்குப் புதிதில்லையே.

இத்தனையும் சொன்னேன். மரியாதையாகக் கேட்டுக்கொண்டான். நம்பவில்லை. “பண்ணினவங்க சொல்றாங்களே ஐயா” என்றான். அதுவும் நியாயமான பேச்சுத்தான். பணம் கொடுத்துச் செய்துகொண்டவர்கள் பொய் சொல்லவில்லை. அவர்களுக்கு அப்படித்தான் தெரிகிறது. (1996இல் ராஜபாளையம் பக்கத்திலிருந்து மூலிகை பெட்ரோல் வந்தபோது நான் பள்ளி மாணவன். எங்கள் வகுப்பில் நம்பாதவன் ஒருவனும் இல்லை. அதைக் கண்டதாகச் சொன்னவருக்குச் சென்னை நீதிமன்றம் மூன்றாண்டுச் சிறை விதித்தது 2016இல்.)

ஆகவே ஓர் ஒப்பந்தம் செய்துகொண்டோம். ஒரு மாதம் எதையும் தொடாமல் வண்டி ஓட்ட வேண்டும். ஒரே பங்க், ஒரே பம்ப், ஒவ்வொரு முறையும் டேங்க் நிறைய. கிலோமீட்டர், லிட்டர், ஏற்றிய சுமை, போன ஊர் எல்லாம் நாற்பது பக்க நோட்டில். அதன்பின் பணம் தருகிறேன் என்றேன்.

நோட்டைப் பார்த்தபோது எனக்கே வியப்பாக இருந்தது. குறைந்த கணக்கு லிட்டருக்கு 10.9 கிலோமீட்டர், கூடிய கணக்கு 13.1. அதாவது வண்டிக்கு ஒன்றுமே செய்யாமல் இருபது விழுக்காடு வேறுபாடு! டியூனிங்காரர் வாக்களித்த அதே இருபது. 10.9 வந்த வாரத்தில் ரீமேப் செய்து, 13.1 வரும் வாரத்தில் அளந்திருந்தால் இவனும் ஊரெல்லாம் சாட்சி சொல்லியிருப்பான். காரணங்கள் நோட்டிலேயே இருந்தன. மலைக்குப் போன வாரம், சமவெளியில் ஓடிய வாரம். ஒருவழி வெறும் வண்டி, இருவழியும் சுமை. இதற்கு மேல் டீசலின் நுரை: நுரை எழும்பியதும் பங்க்கில் துப்பாக்கி தானே நின்றுவிடும், அடங்கவிட்டு மீண்டும் ஊற்றினால் இன்னும் ஒரு லிட்டர் இறங்கும். பத்து லிட்டர் போட்டு மைலேஜ் கணக்கிடுபவனுக்கு அந்த ஒரு லிட்டரே பத்து விழுக்காட்டுப் பிழை. ரீமேப்பின் மெய்யான ஆதாயம் இந்தப் பிழைக்குள் அடங்கிப்போகும் அளவுதான்.

மாதம் 3,000 கிலோமீட்டர், லிட்டருக்கு 12 என்று வையுங்கள்: 250 லிட்டர். மெய்யாகவே மைலேஜ் ஐந்து விழுக்காடு கூடினாலும் மிச்சம் 12 லிட்டர். தொண்ணூறு ரூபாய்க்கு மேல் விற்கும் டீசலில் அது ஏறத்தாழ 1,100 ரூபாய். 18,000 ரூபாய் திரும்பவே பதினாறு மாதம் ஆகும். தயாரிப்பாளர் வரையறுத்ததை மாற்றக்கூடாது என்னும் மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவைக் காட்டி, விபத்துக்குப் பின் காப்பீட்டுக்காரர் கேள்வி கேட்டால் என்ன ஆகும் என்பதை இந்தக் கணக்கில் நான் சேர்க்கவில்லை.

நோட்டு வேறொன்றையும் காட்டிக்கொடுத்தது. கடைசி இரண்டு நிரப்பல்களில், சமவெளி ஓட்டத்திலும் கணக்கு இறங்கியிருந்தது. சக்கரங்களைத் தொட்டுப் பார்க்கச் சொன்னேன். பின்சக்கரம் ஒன்று கொதித்தது. பிரேக் விடாமல் பிடித்துக்கொண்டே ஓடியிருக்கிறது. டயர்க் காற்றும் குறைவு. இவைதாம் அவனுடைய இருபது விழுக்காட்டின் திருடர்கள். கூடவே அவன் வலதுகால். எண்பதில் போகும் வண்டி அறுபதில் போவதைப்போல் ஏறக்குறைய ஒன்றே முக்கால் மடங்கு காற்றெதிர்ப்பைச் சந்திக்கிறது. சிற்பச் சுமையோ எடை குறைவானாலும் உயரமானது. படபடக்கும் தார்ப்பாயோடு பாய்மரம்போல் நிற்கும். மயிலிறகும் மிகுந்தால் அச்சு முறியும் என்று வலியறிதலில் சொன்ன வள்ளுவர், மயிலிறகின் காற்றெதிர்ப்பைச் சொல்லாமல் விட்டுவிட்டார்.

மலையிறங்கும்போது நியூட்ரலில் விட்டு டீசல் மிச்சம் பிடிப்பதாகப் பெருமையாகவும் சொன்னான். எனக்குப் பகீரென்றது. காரவள்ளிப் பக்கம் 70 கொண்டையூசி வளைவுகள். காமன் ரயில் வண்டி கியரில் இறங்கும்போது ஆக்சிலேட்டரிலிருந்து காலை எடுத்தால் ஈசியூ டீசலை அடியோடு நிறுத்திவிடும்; நியூட்ரலில்தான் இன்ஜின் அணையாதிருக்க எண்ணெய் குடிக்கும். மிச்சம் பிடிப்பதாக எண்ணிச் செலவு செய்து, இன்ஜின் பிடிப்பையும் இழந்து, உயிரைச் சூடேறிய பிரேக்கின் கையில் கொடுக்கிறான். அன்று அவனைக் கொஞ்சம் கடுமையாகவே பேசிவிட்டேன்.

பிறகு யோசித்தால் அவனைக் குறைசொல்ல மனம் வரவில்லை. டீசல் விலை அவன் கையில் இல்லை. வாடகையைப் பேசுபவர் ஏற்றுபவர். மறுத்தால் பின்னால் ஐந்து வண்டிகள் நிற்கின்றன. தவணைத் தேதி நகராது. அவன் கையில் மிஞ்சியிருக்கும் ஒரே எண் மைலேஜ். அந்த எண்ணைத் தொட்டு யார் ஆசை காட்டினாலும் அவன் போகத்தான் செய்வான். டியூனிங்காரர்கள் மென்பொருளைவிட இதை நன்றாகப் படித்திருக்கிறார்கள்.

9,000 ரூபாயைப் பிரேக்குக்கும் டயருக்கும் என்று சொல்லிக் கொடுத்தேன். பிரேக் வேலை முடித்தான். கணக்கு பழையபடி ஏறியது. நோட்டில் அதையும் எழுதிக் காட்டினான். அப்புறம் ஐப்பசியில் ஒருநாள் வந்தவன், தயங்கித் தயங்கி, வேறோர் இடத்தில் குறைந்த விலைக்கு ரீமேப்பும் செய்துகொண்டதாகச் சொன்னான். மலையில் இழுவை அருமையாக இருக்கிறதாம். இருக்கும், டீசலைக் கூட்டிக் கொடுத்தால் இழுவை கூடத்தான் செய்யும்.

“மைலேஜ் எவ்வளவு வருது தம்பி?”

“நோட்டுப் போடறதை விட்டுட்டேனுங்க ஐயா” என்றான்.