பத்து வருஷம் போகட்டும் என்று காத்திருக்க வேண்டாம்

மென்பொருள் வேலையில் இருக்கும் இளைஞர்களிடம் 'கான்ஃபரன்சில் பேசலாமே' என்று சொல்லிப்பாருங்கள். "அதெல்லாம் பெரிய ஆளுங்களுக்கு சார், நமக்கு என்ன தெரியும்?" என்பார்கள். முதலில் ஒரு துறையில் கரைகண்டுவிடு, அப்புறம் மேடை ஏறு என்று சீனியர்களும் அறிவுரை சொல்கிறார்கள். இந்த அறிவுரை தவறு. பேச வேண்டிய பலரை இது வாயடைத்து வைத்திருக்கிறது.

நிபுணர்தான் பேச வேண்டுமா? 2014-ல் பெர்லினில் நடந்த ஜேஎஸ்கான்ஃப் ஈயூ மாநாட்டில் ஃபிலிப் ராபர்ட்ஸ் ஜாவாஸ்கிரிப்ட்டின் ஈவென்ட் லூப் பற்றிப் பேசினார். ஜாவாஸ்கிரிப்ட் எழுதிச் சம்பளம் வாங்கியபோதும், உள்ளே அது எப்படி ஓடுகிறது என்று தனக்குச் சரியாகத் தெரிந்திருக்கவில்லை என்பதைச் சொல்லித்தான் தொடங்கினார். குழப்பம் எப்படித் தீர்ந்தது என்பதே பேச்சு. லட்சக்கணக்கானோர் அதைப் பார்த்திருக்கிறார்கள். வேலைக்குச் சேரும் புதியவர்களிடம் இன்றும் அதைப் பார்க்கச் சொல்கிறோம். ஒன்றைப் பல வருஷமாகச் செய்கிறவருக்கு, முதலில் எங்கே முட்டி நின்றோம் என்பது மறந்துபோகிறது. போன மாதம் கற்றுக்கொண்டவருக்கு அது அப்படியே நினைவிருக்கும். அரங்கில் உட்கார்ந்திருப்பவர்களில் பலர் இப்போது அதே இடத்தில்தான் முட்டிக்கொண்டிருக்கிறார்கள்.

'எல்லாம் டாக்குமென்டேஷனில் இருக்கிறதே, நான் புதிதாக என்ன சொல்ல?' என்பது அடுத்த தயக்கம். ஓர் உதாரணம் எடுத்துக்கொள்வோம். போஸ்ட்கிரெஸ் டேட்டாபேஸில் சாதாரணமாக ஓர் இண்டெக்ஸ் போட்டால், அது முடியும்வரை அந்த டேபிளில் எதையும் எழுத முடியாது. 'கன்கரன்ட்லி' என்ற சொல்லைச் சேர்த்தால் எழுதுவது நிற்காது. இது டாக்குமென்டேஷனில் தெளிவாகவே இருக்கிறது. ஆனால் நடுப்பகலில் ஆர்டர் டேபிளில் இண்டெக்ஸ் போட்டு, ஆர்டர்கள் வரிசையாக நின்றுபோனபோது எந்தக் குவெரி எதற்காகக் காத்திருக்கிறது என்று எங்கே பார்த்தீர்கள்? முதலில் யார்மேல் சந்தேகப்பட்டீர்கள், எதை ரத்து செய்தீர்கள்? மறுமுறை கன்கரன்ட்லியாகப் போட்டதும் பாதியில் தோற்றுப்போய், செல்லாத இண்டெக்ஸ் ஒன்று மிஞ்சிக் கிடந்ததை எப்போது கவனித்தீர்கள்? இந்த வரிசை எந்த டாக்குமென்டேஷனிலும் கிடைக்காது. 'போஸ்ட்கிரெஸ் இண்டெக்ஸ்: ஓர் அறிமுகம்' என்று மாநாட்டுக்கு விண்ணப்பம் அனுப்பினால் தேர்வுக்குழு தாண்டிப் போய்விடும். 'நடுப்பகலில் இண்டெக்ஸ் போட்டோம், ஆர்டர் நின்றது' என்று அனுப்பி, எந்தப் பகுதிக்கு எத்தனை நிமிஷம் என்று கீழே குறித்திருந்தால் நின்று படிப்பார்கள்.

பெயர் தெரிந்தவர்களைத்தான் எடுப்பார்கள் என்ற பேச்சில் ஓரளவு உண்மை இருக்கிறது. அழைப்பின் பேரில் மட்டும் பேசவைக்கும் மாநாடுகள் உண்டு. ஸ்பான்சர் காசு கொடுத்து வாங்கும் நேரமும் உண்டு. ஆனால் பைகான் யூஎஸ் போன்ற மாநாடுகளில் முதல் சுற்று மதிப்பீடு பேச்சாளரின் பெயரை மறைத்துவிட்டே நடக்கிறது. 2012-ல் ஜேஎஸ்கான்ஃப் ஈயூ அமைப்பாளர்கள் பெண்களைத் தேடிப்போய் விண்ணப்பிக்கச் சொன்னார்கள், பெயரை மறைத்துத் தேர்ந்தெடுத்தார்கள். பேசியவர்களில் கால்வாசிப் பேர் பெண்கள். பல இடங்களில் வாசல் திறந்தே இருக்கிறது, விண்ணப்பம்தான் போவதில்லை.

ஆங்கிலம் வராதே என்பார்கள். காஞ்சி லினக்ஸ் பயனர் குழு தமிழிலேயே கூட்டம் நடத்துகிறது, அங்கே தொடங்கலாம். மற்ற இடங்களிலும் சின்னச் சின்ன வாக்கியங்களும் தெளிவான ஸ்லைடும் போதும்.

பயணச்செலவைத்தான் உண்மையான தடை என்று நான் ஒப்புக்கொள்வேன். எல்லா மாநாடும் டிக்கெட் போட்டுத் தராது. விண்ணப்பிக்கும் முன்பே நிதியுதவி உண்டா என்று கேட்டுவிடுவது நல்லது, அதில் கூச்சப்பட ஒன்றுமில்லை. உள்ளூரில் தொடங்கினால் அந்தக் கவலையும் இல்லை. சென்னையின் பைத்தான் குழுவான சென்னைப்பை மாதத்தின் நான்காம் சனிக்கிழமை கூடுவது வழக்கம். அங்கே ஐந்து நிமிஷம் 'லைட்னிங் டாக்' கொடுங்கள். கேள்விக்குப் பதில் தெரியாவிட்டால் 'தெரியாது, பார்த்துச் சொல்கிறேன்' என்று சொல்லுங்கள், யாரும் தப்பாக நினைக்கமாட்டார்கள். எந்த ஸ்லைடில் எல்லோரும் நிமிர்ந்து உட்கார்ந்தார்கள் என்று குறித்துக்கொள்ளுங்கள். அந்த ஐந்து நிமிஷத்தை அரைமணி நேரமாக விரித்து, அடுத்த பைகான் இந்தியா அறிவிப்பு வந்ததும் அனுப்புங்கள்.