ரத்தப் புற்றுநோயாளிக்குக் காய்ச்சலா? கஷாயம் தேடாதீர்கள்!

சித்த வைத்தியரே இப்படிச் சொல்லலாமா என்று நீங்கள் கேட்பீர்கள். நான்தான் சொல்ல வேண்டும். "கீமோ போட்டு வந்ததிலிருந்து லேசா காய்ச்சல், வறட்டு இருமல். ஆடாதோடைக் கஷாயம் கொடுக்கலாமா டாக்டர்?" என்று எங்களிடம்தானே வருகிறார்கள்! "ஆஸ்பத்திரிக்குப் போனா மறுபடியும் ஸ்கேன், மறுபடியும் ரத்தம்... காசுதான் கரையுது" என்ற அலுப்பும் கூடவே வரும். அலுப்பு நியாயம்தான். ஆனால் அந்த இருமலுக்குப் பின்னால் பூஞ்சை ஒளிந்திருந்தால், தள்ளிப்போடும் ஒவ்வொரு நாளும் உயிருக்கே ஆபத்து.

ஈரச் சுவரிலும் மக்கிய இலையிலும் பூசணம் பூக்கிறதல்லவா? அந்த மாதிரி ஒன்றுதான் அஸ்பர்ஜில்லஸ். கண்ணுக்குத் தெரியாத அதன் வித்துகளை நாம் எல்லோருமே தினமும் சுவாசிக்கிறோம். வெள்ளையணுக்கள் காவல் காப்பதால் நமக்கு ஒன்றும் ஆவதில்லை. கடுமையான ரத்தப் புற்றுநோய்க்குச் சிகிச்சை பெறுபவருக்கோ, நியூட்ரோஃபில் என்ற வெள்ளையணு ஒரு மைக்ரோலிட்டருக்கு 500-க்கும் கீழே இறங்கிவிடும். பத்து நாளுக்கு மேல் அப்படியே கிடந்தால், வித்து நுரையீரலில் முளைத்து ரத்தக் குழாயைத் துளைக்கும்.

இதில் பெரிய சிக்கல், நோய் தன்னைக் காட்டிக்கொள்ளாது. சளியும் சீழும் வெள்ளையணுக்கள் போடும் சண்டையால் வருபவை. சண்டை போட ஆளே இல்லாதபோது சளி ஏது? காய்ச்சல், இருமல், மூச்சை இழுத்தால் நெஞ்சில் குத்தல், சிலருக்கு எச்சிலில் ரத்தம். அவ்வளவுதான். ஸ்டீராய்டு சாப்பிடுபவருக்குக் காய்ச்சல்கூடத் தெரியாமல் போகலாம். ஆரம்பத்தில் எக்ஸ்ரே சுத்தமாகவே இருக்கலாம். ரத்தக் கல்ச்சரிலும் அஸ்பர்ஜில்லஸ் பெரும்பாலும் வளராது. எங்கள் எண்வகைத் தேர்வின் மேல் எனக்கு மிகுந்த மதிப்பு உண்டு. ஆனாலும் நாடி பிடித்தே இதைக் கண்டுபிடிப்பேன் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள்.

அதனால்தான் டாக்டர்கள் பல வழிகளில் துப்புத் துலக்குகிறார்கள். சி.டி. ஸ்கேனில், நிலாவைச் சுற்றிக் கோட்டை கட்டியது போல, கட்டியைச் சுற்றி மங்கலாக ஒரு வளையம் தெரியலாம். அது கசிந்த ரத்தம். சில நாளில் மறைந்துவிடும் என்பதால் ஸ்கேனைத் தள்ளிப்போடக் கூடாது. பூஞ்சையின் சுவரிலிருந்து வரும் கேலக்டோமன்னன் என்ற பொருளை ரத்தத்தில் தேடுவார்கள். மூச்சுக்குழாய்க்குள் குழாய் விட்டு, நுரையீரலைக் கழுவி எடுத்த நீரிலும் தேடுவார்கள். தசைத் துணுக்கு எடுத்துப் பார்ப்பதே முழு நிச்சயம். ஆனால் தட்டணுக்கள் குறைந்திருக்கும்போது ரத்தப்போக்குக்குப் பயந்து பல சமயம் அதைச் செய்ய முடியாது. எனவே 'நிச்சயம்', 'அநேகமாக', 'இருக்கலாம்' என்று மூன்று படிகளாகப் பிரித்திருக்கிறார்கள். 'இருக்கலாம்' என்ற படியிலேயே மருந்தைத் தொடங்குவது டாக்டரின் தடுமாற்றம் அல்ல, முன்யோசனை.

எந்தப் பூஞ்சை என்று தெரிவதும் முக்கியம். 2021-ல் நம்மை நடுங்க வைத்த கறுப்புப் பூஞ்சை நினைவிருக்கிறதா? அதுவும் இவர்களின் நுரையீரலைத் தாக்கும். கேலக்டோமன்னன் பரிசோதனையில் அது சிக்காது. அஸ்பர்ஜில்லஸை அடக்கும் வோரிகோனசோல் அதனிடம் எடுபடாது, ஆம்ஃபோடெரிசின் வேண்டும். அஸ்பர்ஜில்லஸுக்கோ நேர்மாறு. 2002-ல் வெளியான ஆய்வில், 12 வாரம் கழித்து உயிரோடு இருந்தவர்கள் வோரிகோனசோல் பெற்றவர்களில் 100-க்கு 71 பேர், ஆம்ஃபோடெரிசின் பெற்றவர்களில் 58 பேர். இதையெல்லாம் சொல்வது அந்த 'இன்னொரு டெஸ்ட்'தான்!

நீங்கள் செய்ய வேண்டியவை இவைதான். உஷ்ணம் 100.4 டிகிரி ஃபாரன்ஹீட் ஆகிவிட்டால் விடியட்டும் என்று காத்திருக்காமல் ஆஸ்பத்திரிக்குப் போங்கள். ஆன்டிபயாடிக் கொடுத்தும் நாலைந்து நாளில் காய்ச்சல் விடவில்லையென்றால், "பூஞ்சை இருக்குமா டாக்டர்? சி.டி. பார்க்கலாமா?" என்று தயங்காமல் கேளுங்கள். கட்டட வேலைத் தூசி, தொட்டிச் செடி மண் பக்கம் நோயாளியை விடாதீர்கள்.

கடைசியாக எங்கள் பக்கத்து விஷயம். காய்ந்த மூலிகைப் பொடியிலும் பூஞ்சை வித்து இருக்கலாம். கஷாயமோ, பூஞ்சை மருந்தோடு சேர்ந்து என்ன செய்யும் என்று சொல்ல முடியாது. வெள்ளையணு குறைந்திருக்கும் நாட்களில் சூரணம் வேண்டவே வேண்டாம். புற்றுநோய் டாக்டருக்குத் தெரியாமல் எதையும் கொடுக்காதீர்கள், அதை எழுதிக் கொடுத்தது நானாகவே இருந்தாலும்!