திறன் பற்றாக்குறை: பழி இளைஞர் மீது, கடன் பல்கலைக்கழகத்தின் மீது

2018ஆம் ஆண்டில் இந்திய ரயில்வே ‘குரூப் டி’ பிரிவில் ஏறத்தாழ 63 ஆயிரம் பணியிடங்களுக்கு விண்ணப்பம் கோரியது. தண்டவாளப் பராமரிப்பாளர், பாயின்ட்ஸ்மேன், உதவியாளர் போன்ற கடைநிலை வேலைகள் அவை. கேட்கப்பட்ட கல்வித் தகுதி பத்தாம் வகுப்பு அல்லது ஐடிஐ. வந்து குவிந்த விண்ணப்பங்களோ ஒரு கோடியே 80 லட்சத்துக்கும் மேல். பட்டதாரிகளும், முதுநிலைப் பட்டதாரிகளும், பொறியாளர்களும் அந்த வரிசையில் நின்றனர். நான்கு ஆண்டுகள் கழித்து, 2022 ஜனவரியில், ரயில்வே தேர்வு முடிவுகளில் நேர்ந்த குளறுபடிகளைக் கண்டித்து பீகாரிலும் உத்தரப்பிரதேசத்திலும் இளைஞர்கள் தண்டவாளங்களில் இறங்கிப் போராடினர்.

இதே காலத்தில்தான் முதலாளிகளின் மாநாடுகளில் வேறொரு புலம்பல் ஓங்கி ஒலிக்கிறது. “வேலை இருக்கிறது, தகுதியான ஆட்கள்தான் இல்லை” என்பதே அது. 2023-24ஆம் ஆண்டின் பொருளாதார ஆய்வறிக்கையும் இளைஞர்களில் 51.25 சதவீதத்தினர்தான் வேலைக்குத் தகுதியானவர்கள் என்ற மதிப்பீட்டை எடுத்துரைத்தது. அதாவது, கல்லூரியை விட்டு வெளியே வரும் இருவரில் ஒருவர் பயனற்றவர் என்று ஒன்றிய அரசின் ஆவணமே முத்திரை குத்துகிறது. குறை இளைஞரிடம் இருக்கிறது என்று ஒப்புக்கொள்ள வைத்துவிட்டால், வேலை தராத அரசும் பயிற்சி தராத முதலாளியும் விசாரணைக் கூண்டிலிருந்து விடுபட்டு விடலாம். ஆகவே இந்த வாதத்தை அதன் வேர்வரை சென்று பரிசோதிப்பது அவசியமாகிறது.

படித்தவர்களுக்கே வேலையில்லை

சர்வதேச தொழிலாளர் அமைப்பும் மனித மேம்பாட்டு நிறுவனமும் 2024இல் வெளியிட்ட இந்திய வேலைவாய்ப்பு அறிக்கை தரும் சித்திரம் தெளிவானது. நாட்டின் வேலையற்றோரில் ஏறத்தாழ 83 சதவீதத்தினர் இளைஞர்கள். எழுதப் படிக்கத் தெரியாத இளைஞர்களிடையே வேலையின்மை விகிதம் 3.4 சதவீதம், பட்டதாரி இளைஞர்களிடையே அது 29.1 சதவீதம். படிக்காத ஏழை, கிடைத்த கூலிக்கு ஏதோ ஒரு வேலையைச் செய்யாமல் உயிர்வாழ முடியாது என்பதால் முதல் எண் குறைவாக இருக்கிறது. இரண்டாவது எண், படிப்புக்கேற்ற வேலையை இந்தப் பொருளாதாரம் உருவாக்கவில்லை என்பதைக் காட்டுகிறது.

உண்மையிலேயே திறன்மிக்க உழைப்புக்குப் பெரும் தட்டுப்பாடு நிலவினால், சந்தை விதிப்படியே கூலி உயர்ந்திருக்க வேண்டும். நடந்தது என்ன? தகவல் தொழில்நுட்பத் துறையில் புதிதாகச் சேரும் பொறியாளரின் ஊதியம் பத்தாண்டுகளுக்கும் மேலாக ஆண்டுக்கு மூன்று முதல் நான்கு லட்சம் ரூபாய் என்ற அளவிலேயே தேங்கி நிற்கிறது. அதே பொருளாதார ஆய்வறிக்கை, 2020 முதல் 2023 வரையிலான நிதியாண்டுகளில் கார்ப்பரேட் நிறுவனங்களின் வரிக்கு முந்தைய லாபம் ஏறத்தாழ நான்கு மடங்கானதையும், ஆள் எடுப்பும் ஊதியமும் அதற்கு ஈடுகொடுக்கவில்லை என்பதையும் ஒப்புக்கொள்கிறது. லாபம் நான்கு மடங்காகும்போது ஊதியம் நகராமல் இருப்பதற்கு, வாயிலில் காத்து நிற்கும் வேலையற்றோர் பட்டாளமே காரணம். மார்க்ஸ் விளக்கிய உழைப்பாளர் சேமப்படை இன்று கையில் பட்டச் சான்றிதழுடன் நிற்கிறது.

இதனால் நமது கல்லூரிகளில் குறையே இல்லை என்று ஆகிவிடாது. காலாவதியான பாடத்திட்டம், கருவிகள் இல்லாத ஆய்வகம், மனப்பாடத்தை மட்டுமே சோதிக்கும் தேர்வு ஆகியவற்றை அன்றாடம் அனுபவிப்பவர்கள் உழைக்கும் மக்களின் பிள்ளைகளே. அவர்களிடம் சென்று “எல்லாம் சரியாகத்தான் இருக்கிறது” என்று இடதுசாரிகள் சொல்ல முடியாது. அந்த ஆய்வகத்துக்குக் கருவி வாங்காதது யார், அந்த வகுப்பறைக்கு ஆசிரியரை நியமிக்காதது யார் என்ற கேள்வியைத்தான் எழுப்ப வேண்டும். ஒன்றிய அரசின் நேரடிப் பொறுப்பில் உள்ள மத்தியப் பல்கலைக்கழகங்களிலேயே, 2023இல், சுமார் 19 ஆயிரம் ஆசிரியர் பணியிடங்களில் 6 ஆயிரம் காலியாகக் கிடந்தன. ஆசிரியரே இல்லாத வகுப்பில் படித்த மாணவரைத் திறனற்றவர் என்று ஏசுவது எந்த நியாயம்?

மானியம் கடனாக மாறிய கதை

தேசிய வருமானத்தில் 6 சதவீதத்தைக் கல்விக்கு ஒதுக்க வேண்டும் என்று கோத்தாரி கல்விக் குழு 1966இல் பரிந்துரைத்தது. 2020ஆம் ஆண்டின் தேசியக் கல்விக் கொள்கையும் அதே 6 சதவீதத்தைத் திரும்பச் சொல்கிறது. அரை நூற்றாண்டுக்கும் மேலாக அந்த இலக்கு எட்டப்படவில்லை. ஆனால் 2035க்குள் உயர்கல்விச் சேர்க்கை விகிதத்தை 50 சதவீதமாக்குவோம் என்று அதே கொள்கை முழங்குகிறது. அரசின் 2021-22 கணக்கெடுப்பின்படி அந்த விகிதம் 28.4 சதவீதம்; மாணவர்கள் சுமார் 4.33 கோடிப் பேர். கல்லூரிகளில் நான்கில் மூன்றுக்கும் மேற்பட்டவை ஏற்கெனவே தனியார் நிர்வாகத்தில் உள்ளன. பொதுப் பணம் இன்றி சேர்க்கையை இரட்டிப்பாக்குவது என்றால், அந்தச் சுமை பெற்றோரின் தலையில் விடியும் என்பதே பொருள்.

பொதுப் பல்கலைக்கழகங்களிலும் இதே திசைவழிதான். 2017இல் ஒன்றிய அரசு கனரா வங்கியுடன் கூட்டாக உயர்கல்வி நிதியளிப்பு முகமையை (ஹெஃபா) உருவாக்கியது. அது ஒரு வங்கிசாரா நிதி நிறுவனம். அதுவரை கட்டடத்துக்கும் ஆய்வகத்துக்கும் மானியமாக வந்த பணம், இனி கடனாக வரும். வட்டியை அரசு ஏற்கும். அசலைப் பொறுத்தவரை, புதிய நிறுவனங்களுக்குச் சலுகை உண்டு. பத்தாண்டுகளுக்கு மேல் பழமையான தொழில்நுட்ப உயர்கல்வி நிறுவனங்கள் முழு அசலையும் தங்கள் சொந்த வருவாயிலிருந்து திருப்பிச் செலுத்த வேண்டும். பல்கலைக்கழகத்துக்குச் சொந்த வருவாய் எங்கிருந்து வரும்? மாணவர் கட்டணம், சுயநிதிப் படிப்புகள், விடுதிக் கட்டணம், தொழில் நிறுவனங்களுக்கான ஆய்வுப் பணி ஆகியவைதான் வழி. ஆக, அரசின் பொறுப்பு முதலில் கடனாகி, பிறகு கட்டணமாகி, இறுதியில் ஒரு குடும்பத்தின் கல்விக் கடனாக உருமாறுகிறது. 2019இல் ஜவகர்லால் நேரு பல்கலைக்கழக மாணவர்கள் விடுதிக் கட்டண உயர்வை எதிர்த்து நடத்திய போராட்டத்தை இந்தப் பின்னணியில் வைத்தே புரிந்துகொள்ள வேண்டும்.

பணமில்லை என்ற வாதம் எடுபடாது. 2007இல் இடைநிலை மற்றும் உயர்கல்விக்கென ஒரு சதவீத கூடுதல் வரி (செஸ்) விதிக்கப்பட்டது. 2016-17 வரை அதன் மூலம் 83 ஆயிரம் கோடி ரூபாய்க்கு மேல் வசூலானது. அந்தப் பணத்துக்கென்று தனி நிதியமும் தொடங்கப்படவில்லை, திட்டங்களும் அடையாளம் காணப்படவில்லை என்று தலைமைக் கணக்குத் தணிக்கையாளர் சுட்டிக்காட்டினார். கல்வியின் பெயரால் மக்களிடம் வாங்கிய பணம் பொதுக் கருவூலத்தில் கரைந்தது. செஸ் என்பதால் மாநிலங்களுக்கு அதில் பங்கும் இல்லை.

2019 செப்டம்பரில் நிறுவன வரி 30 சதவீதத்திலிருந்து 22 சதவீதமாகக் குறைக்கப்பட்டது. புதிய உற்பத்தி நிறுவனங்களுக்கு வெறும் 15 சதவீதம். இதனால் ஆண்டுக்கு 1.45 லட்சம் கோடி ரூபாய் வருவாய் இழப்பு என்று அரசே அறிவித்தது. அந்த ஆண்டு ஒன்றிய பட்ஜெட்டில் உயர்கல்வித் துறைக்கு ஒதுக்கப்பட்டது சுமார் 38 ஆயிரம் கோடி. ஒரே கையெழுத்தில், ஒட்டுமொத்த உயர்கல்வி ஒதுக்கீட்டைப் போல் மூன்றரை மடங்குக்கும் மேலான தொகை பெருமுதலாளிகளுக்கு விட்டுக்கொடுக்கப்பட்டது.

பயிற்சிச் செலவை யார் ஏற்பது?

உழைப்புச் சக்தியின் மதிப்பில் அதற்கான கல்வி, பயிற்சிச் செலவும் அடங்கும் என்பது மார்க்சியத்தின் அடிப்படைப் பாடம். அந்தச் செலவைத் தன் தலையிலிருந்து இறக்கி, அரசின் மீதோ தொழிலாளியின் குடும்பத்தின் மீதோ ஏற்றுவதுதான் மூலதனத்தின் இடைவிடாத முயற்சி. ‘திறன் இந்தியா’ அந்த முயற்சிக்கு அரசு வழங்கிய மேடை.

2015 ஜூலையில் அந்தத் திட்டம் தொடங்கப்பட்டபோது, 2022க்குள் 40 கோடிப் பேருக்குப் பயிற்சி என்று அறிவிக்கப்பட்டது. நடைமுறையில் அது 150 முதல் 300 மணி நேரக் குறுகிய காலப் பயிற்சிகளாகச் சுருங்கியது. சில வாரங்களில் ஒரு தொழிலாளியை உருவாக்கிவிட முடியாது. ஒரு சான்றிதழை அச்சடிக்க முடியும். துறைவாரித் திறன் மன்றங்களை ஆராய்ந்த சாரதா பிரசாத் குழு, இலக்குகள் எதார்த்தத்துக்குப் புறம்பானவை என்றும், இந்த அமைப்புகளில் சுயலாப முரண்பாடு இருக்கிறது என்றும் கடுமையாக விமர்சித்தது. இத்தனைக்குப் பிறகும், 15 முதல் 29 வயது வரையிலானோரில் முறையான தொழிற்பயிற்சி பெற்றவர்கள் 4.4 சதவீதம் மட்டுமே என்று 2022-23ஆம் ஆண்டின் உழைப்பாளர் கணக்கெடுப்பு காட்டியது.

தொழிற்சாலைக்குள் நிலைமை என்ன? 1961ஆம் ஆண்டின் தொழில் பழகுநர் சட்டம், பழகுநர்களைத் தொழிலாளர் என்று அங்கீகரிக்கவில்லை. தொழிலாளர் சட்டங்களின் பாதுகாப்பு பெரும்பாலும் அவர்களுக்குக் கிடையாது. 2014 திருத்தம், சட்டத்தை மீறும் முதலாளிக்கு இருந்த சிறைத் தண்டனையையும் நீக்கிவிட்டு, ஒரு பழகுநர் குறைந்தால் மாதம் 500 ரூபாய், மூன்று மாதங்களுக்குப் பிறகு 1,000 ரூபாய் என்று அபராதமாகச் சுருக்கியது. மானேசர் முதல் ஓரகடம் வரை ‘பயிற்சியாளர்’ என்ற பெயரில் நிரந்தரத் தொழிலாளியின் வேலையைச் செய்யும் இளைஞர்கள், பயிற்சிக் காலம் முடிந்ததும் வெளியே அனுப்பப்பட்டு, அந்த இடத்துக்கு அடுத்த அணி உள்ளே வருகிறது. 2024 பட்ஜெட்டில் அறிவிக்கப்பட்ட பிரதமர் பயிற்சிப் பணித் திட்டத்தின்படி, நாட்டின் தலைசிறந்த 500 நிறுவனங்களில் சேரும் இளைஞருக்கு மாதம் 5 ஆயிரம் ரூபாய் கிடைக்கும். அதில் 4,500 ரூபாயை அரசு தரும். நிறுவனம் தன் சமூகப் பொறுப்பு நிதியிலிருந்து தருவது 500 ரூபாய். உழைப்பு நிறுவனத்துக்கு, ஊதியச் சுமை மக்களுக்கு.

திறன் என்பது ஒரே பணியில் ஆண்டுக்கணக்கில் நின்று, மூத்த தொழிலாளியின் அருகிலிருந்து கற்று வளர்வது. ஆலைத் தொழிலாளர்களில் ஏறத்தாழ 40 சதவீதத்தினர் ஒப்பந்தத் தொழிலாளர்களாக இருக்கும் நாட்டில், அந்த வளர்ச்சிக்கு இடமேது? பதினோரு மாதங்களில் ஆளை மாற்றும் முதலாளியே, அனுபவம் உள்ளவர் கிடைக்கவில்லை என்றும் அலுத்துக்கொள்கிறார்.

ஜெர்மனியை முன்மாதிரியாகக் காட்டுவது நமது ஆட்சியாளர்களின் வழக்கம். அங்கு இரண்டு முதல் மூன்றரை ஆண்டுகள் வரை நீடிக்கும் பயிற்சியில், ஆலைக்குள் ஆகும் செலவை முதலாளி ஏற்கிறார். பழகுநருக்கு மாத ஊதியம் உண்டு. பயிற்சி விதிகளை வகுப்பதில் தொழிற்சங்கங்களுக்குச் சட்டப்பூர்வமான இடம் உண்டு. அதுவும் முதலாளித்துவ ஏற்பாடுதான். ஆயினும் தொழிற்சங்கங்களின் பலத்தால் வென்றெடுக்கப்பட்ட இந்த அம்சங்களை விட்டுவிட்டு, பெயரை மட்டும் இங்கே இறக்குமதி செய்கிறார்கள்.

கோரிக்கைகளைக் கூர்மைப்படுத்துவோம்

கல்விக்கு 6 சதவீதம் என்ற கோரிக்கை சரியானது. ஆனால் அது முழக்கமாக மட்டும் நின்றுவிடக் கூடாது. ஹெஃபா கடன்கள் மானியமாக மாற்றப்பட வேண்டும். கல்வி செஸ் வசூல் முழுவதும் கல்விக்கே செலவிடப்பட்டு, அதில் மாநிலங்களுக்குப் பங்கு தரப்பட வேண்டும். காலிப் பணியிடங்கள் நிரந்தர நியமனத்தால், இட ஒதுக்கீட்டு விதிகளின்படி நிரப்பப்பட வேண்டும். பெரும் நிறுவனங்களின் ஊதியப் பட்டியலில் ஒரு பங்கைப் பயிற்சி வரியாக வசூலித்து, அரசு ஐடிஐ-களையும் பாலிடெக்னிக்குகளையும் வலுப்படுத்த வேண்டும். பழகுநர்களுக்குக் குறைந்தபட்ச ஊதியமும், விபத்து இழப்பீடும், சங்கத்தில் சேரும் உரிமையும் சட்டமாக வேண்டும்.

இவற்றை மாணவர் அரங்கம் ஒருபுறமும் தொழிற்சங்க அரங்கம் மறுபுறமும் தனித்தனியே பேசுவதில் பயனில்லை. கட்டண உயர்வை எதிர்க்கும் மாணவரும், ஆலை வாயிலில் பயிற்சியாளராக நிற்கும் இளைஞரும், ரயில்வே தேர்வுக்கு ஐந்தாண்டுகளாகத் தயாராகும் பட்டதாரியும் ஒரே குடும்பத்தின் பிள்ளைகள்தான். ஐடிஐ வாயிலிலும் தொழிற்பேட்டையிலும் தேர்வுப் பயிற்சி மையத்தின் தெருவிலும் கட்சி அணிகள் அவர்களைச் சந்திக்க வேண்டும். “எனக்குத்தான் திறமை இல்லையோ” என்று அந்த இளைஞரின் மனதில் விதைக்கப்பட்டுள்ள தாழ்வு மனப்பான்மையை அகற்றுவதே முதல் அரசியல் பணி. தன்னிடம் குறை தேடுவதை நிறுத்தியவர்தான் ஆட்சியாளர்களிடம் கணக்குக் கேட்கத் தொடங்குவார்.